வெற்று உறையைத் தொட்டுப் படித்த அக்காவுக்கு

போக இடம் தெரியாமல் வந்து குவியும் கடிதங்களுக்கெல்லாம் புகலிடமே! புள்ளியும் சுழியும், கோடும் கொம்புமாய்ப் பூமியில் உள்ளோர் எழுதும் எழுத்தையெல்லாம் பொறுமையோடு படித்தறிந்த பெருமகளே! முகவரி அறியாக் கடிதப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் சுளிக்காமல் உழைத்த முதல்வியே! எங்கள் பூதக்கண்ணாடி அக்கா! உங்களுக்கு எங்கள் உளமார்ந்த வணக்கம்!

இந்தப் பணி ஓய்வு வாழ்த்து மடலைச் செந்தமிழில்தான் எழுத வேண்டும் என்று பிரிவு மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முயன்றிருக்கிறேன். ஆனால் எழுதுவது யார்? தேதி முத்திரை குத்துகிறவன்! நடுநடுவே தமிழ் கொஞ்சம் இறங்கி நின்று பேசினால் அவையோர் பொறுத்தருள்க. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் பணிப்பதிவேட்டில் ஒரே ஒரு கறை இருக்கிறது. அதைத் துடைக்காமல் நான் இன்று இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

அடடா, உங்கள் மேசையில்தான் என்னென்ன எழுத்துகள் பார்த்தோம்! மேலிருந்து கீழாக இறங்கும் எழுத்து, வலமிருந்து இடமாக விரையும் எழுத்து, கொடியில் காயப்போட்ட துணிபோல் தலைக்கோட்டில் வரிசையாகத் தொங்கும் எழுத்து, உயிரொலிகளையெல்லாம் விட்டுவிட்டு 'மீதியை நீயே ஊகித்துக்கொள்' என்று மெய்களை மட்டும் நிறுத்தி வைக்கும் எழுத்து! ஒருமுறை இடக்கைப் பழக்கமுள்ள ஒரு சிறுமி தன் மாமாவுக்கு இடவலம் மாற்றி முகவரி எழுதியிருந்தாள். எந்த நாட்டு மொழியோ என்று நாங்கள் ஐந்து பேர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். நீங்கள் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து எதிரே நீட்டி, "நம்ம மொழிதாண்டா, நல்லாப் பாருங்க" என்றீர்கள். அன்று முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் திரிந்தோம்.

மாமேதையே! நீங்கள் வகுத்த வழக்கம் ஒன்று உண்டு. யாராலும் படிக்க முடியாத கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் நமக்கு இருக்கிறது. ஆனால் பிரிப்பதற்கு முன் உறை எல்லார் கைக்கும் போக வேண்டும், ஆளுக்கொரு சேதி சொல்ல வேண்டும். மை எப்படி, மடிப்பு எப்படி, பசை எங்கே கூடுதல், எதையாவது சொல்லியே தீர வேண்டும். "அடுத்தவங்க கடிதத்தைத் திறக்கிறதுக்கு முன்னாடி வெக்கப்படணும்" என்பீர்கள். அப்படி வெட்கப்பட்டு வெட்கப்பட்டே முக்கால்வாசிக் கடிதங்களைப் பிரிக்காமல் கொண்டு சேர்த்துவிட்டோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. நான் வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதம், தகுதிகாண் பருவம். பிரிவுக்கு வந்த உறை ஒன்றில் ஓர் எழுத்துக்கூட இல்லை, தபால்தலை மட்டும்தான். முத்திரையை எழுத்தில்லாத இடத்தில் குத்த வேண்டும் என்பது விதி. உறை முழுவதும் வெறுமையாக இருக்கிறதே என்ற குஷியில், நடு மத்தியில், ஓங்கி ஒரு குத்து! பிறகு வழக்கப்படி என் சேதியையும் சொன்னேன்: "வெத்து உறைக்கா."

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உறையை விரலால் தடவினீர்கள். "வெத்தா? இது கத்துதுடா!" என்று எழுந்தே விட்டீர்கள். அது பிரெயில்! ஆறே ஆறு புள்ளிக்குள் அறுபத்து மூன்று வடிவம் காட்டும் அந்த அற்புத எழுத்து! தொலைபேசி இணைப்பகத்தில் இருக்கும் பார்வையற்ற அண்ணனிடம் ஓடினோம். அவர் விரல் ஓடிய வேகம் இருக்கிறதே, ஐயோ, புல்லரித்துப் போனேன். பெண் ஒருத்தியின் பெயரும் தெருவும் ஊரும் சொன்னார். நடுவில் விரல் நின்றது. "இங்க எண் வரப்போகுதுன்னு ஒரு குறி இருக்கு. எண்ணைக் காணோம். யாருய்யா இது மேல ஏறி மிதிச்சது?" என்றார். என் முத்திரை விழுந்த இடம் அது.

நூற்று நாற்பது வீடுகள் உள்ள தெரு. சாப்பாட்டை மறந்து நீங்களும் நானும் வாசல் வாசலாக ஏறி இறங்கினோம். தொண்ணூற்றாறாவது வாசலில் கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெண் நின்றார். மறுநாள் வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறவர். உறையைத் தொட்டதுமே யார் எழுதியது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "அப்பா! ஆறு வருஷமாப் பேச்சுவார்த்தையே இல்ல" என்றார். தந்தை பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர், பிறவியிலேயே பார்வையற்றவர். மகளைக் கூப்பிடுவது அக்கம்பக்கத்தாருக்குத் தெரிய வேண்டாமென்று யாரிடமும் முகவரி எழுதித் தரக் கேட்கவில்லை. சிறுவயதில் மகளுக்குத் தான் சொல்லிக்கொடுத்த எழுத்தில் தானே பொறித்து அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண் அன்று மாலையே அப்பாவைப் பார்க்கப் போனார்!

மகள் காட்டிய உறையைத் தடவிப் பார்த்த தந்தை, நியாயமாகவே, புகார் எழுதினார். 'மையால் எழுதிய முகவரியின் மேல் இப்படிக் குத்துவீர்களா?' இந்த ஒரு கேள்வி அலுவலகத்தையே தலைகுனிய வைத்தது. பொறுப்பாளர் யார் என்று மேலிடம் கேட்டது. தகுதிகாண் பருவத்தில் இருந்த என் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும். நீங்கள் உங்கள் பெயரை எழுதினீர்கள். கண்டனம் வந்தது, அதனாலேயே பிரிவு மேலாளர் பதவி உங்களைத் தாண்டிப் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. முத்திரை குத்தும் முன் ஒவ்வோர் உறையையும் விரலால் தடவ வேண்டும் என்று அன்று நீங்கள் கொண்டுவந்த விதி இன்று எல்லாக் கிளைகளிலும் நடக்கிறது. அதற்கு ஒரு பாராட்டு வரிகூட உங்கள் பதிவேட்டில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தந்தையின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "ஒன்பது வருஷமா என்னய்யா பண்ணிட்டிருந்தே?" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. மகளும் பேரனும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள், காப்பி கொடுத்தார்கள். கிளம்பும்போது தந்தை இந்த மடலுக்காக நான் கொண்டுபோயிருந்த வெற்றுத் தாளை வாங்கி அடியில் ஒரு வரி பிரெயிலில் பொறித்துத் தந்தார். நீங்கள் அதைத் தொட்டுப் படிப்பதற்காக, மடலுக்குச் சட்டம் போட்டபோது அந்த இடத்தில் மட்டும் கண்ணாடி வைக்கவில்லை. முன்வரிசையில் வீற்றிருக்கும் கோட்ட அதிகாரி ஐயா, அவர் தம் புகாரிலிருந்து அக்காவின் பெயரை விலக்கிக்கொள்ளும் வரி அது. கண்டனத்தை என் பதிவேட்டுக்கு மாற்றக் கோரும் விண்ணப்பமும் இன்று காலையே உங்கள் மேசைக்கு வந்துவிட்டது.

அன்பின் திருவுருவே! நோயென்பது உங்கள் முகவரி தெரியாமல் திண்டாடட்டும்! நூறாண்டு தாண்டியும் உங்கள் விரல்நுனி கூர்மை குன்றாதிருக்கட்டும்! மாமாவோடும் மக்களோடும் மகிழ்ந்திருங்கள்!

இந்த இடத்தில் நீங்கள் கையை ஆட்டி, "போதும், உக்காருடா" என்பீர்கள். எழுதும்போதே எனக்குத் தெரியும். ஒன்பது ஆண்டுகள் நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறேன். இதை மட்டும் கேட்க மாட்டேன் அக்கா. ஐயா பதில் சொல்லும்வரை நின்றுகொண்டுதான் இருப்பேன்.

இங்ஙனம்,
அந்த உறையைக் குத்தியவன்,
அவனோடு எழுந்து நிற்கும் பிரிவு ஊழியர்கள் பதினால்வர்