வலது பக்கத்துத் தமிழ்

– அத எடுத்துரு எல்ஸி. திங்கக்கிழம செமோர் பள்ளிக்கூடத்துக்குப் போற சாப்ட்வேர், கே.எல். கம்பெனி சாப்ட்வேர் மாதிரியே இருக்கணும்.

– இன்னும் எத எடுக்கறது ஹுசைன் அண்ணே? சேவ் பட்டன் அவங்க வச்ச எடத்துல. பிரிண்ட் அவங்க வச்ச எடத்துல. நீலங்கூட அவங்க நீலந்தான்.

– வலது பக்கம் தமிழுக்குன்னு ஒரு பாதி வச்சிருக்கியே, அத.

– அது ஒன்னுதாண்ணே நம்மளது. மத்ததெல்லாம் ஈயடிச்சான் காப்பி.

– காப்பி என்னம்மா காப்பி? பழகுன கை எங்க போவுமோ அங்க பட்டன் இருக்கு. பள்ளிக்கூட ஆப்பிஸ்ல கணக்கு, கடுதாசி பாக்குற கிராணிங்க யாரு புதுசா படிக்கப் போறா?

– அதனாலதான் பட்டனுங்கள நான் தொடல. கடுதாசி அடிக்கிற எடத்த மட்டும் மாத்துனேன். இலாகாவுக்கு மலாய்ல ஒன்னு, பெத்தவங்களுக்குத் தமிழ்ல ஒன்னு அடிக்கிறாங்க. மலாய்ல தேதிய மாத்திட்டு தமிழ்ல மறந்துடுறாங்க. போன வருஷம் விளையாட்டுப் போட்டிக்குப் பாதி சனம் மொத நாளே வந்து திடல்ல நின்னுச்சு. இதுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. இடது பக்கம் மாத்துனா வலது பக்கம் அந்த வரி செவந்து நிக்கும்.

– நல்லாத்தான் இருக்கு லா. ஆனா செமோர் கிராணி தினேஸ்வரி தொறந்து பாத்துட்டு என்ன சொன்னுச்சு? "என்னண்ணே, ஸ்கிரீன் ரெண்டா ஒடஞ்சி கெடக்கு"ன்னுச்சு.

– ஒரு கடுதாசியாவது அடிச்சுப் பாத்தாங்களா?

– எங்க? ஒடனே மூடிருச்சு.

– அவங்க மாதிரியே செஞ்சா, "அதான் அது இருக்கே, இது எதுக்கு"ங்கிறாங்க. வேற மாதிரி செஞ்சா, "அது மாதிரி இல்லையே"ங்கிறாங்க. நான் எந்தப் பக்கம்ணே போறது?

– எனக்கு மட்டும் வழி தெரியுதாக்கும்? கோலா கங்சார் பள்ளிக்கூடத்துல வேணாம்னுட்டாங்க. செமோரும் போச்சுன்னா இந்த ஆப்பிஸ இழுத்து மூட வேண்டியதுதான். ஈப்போவுல உன்னைய யாரு இந்த வேலைக்கு வச்சுக்குவா?

– அண்ணே, இந்த சாப்ட்வேர்ல நான் இருக்கறதே அந்தப் பாதியிலதான்.

– தெரியும்மா. எடுத்துரு.

– சரி, எடுத்துடுறேன். உங்க போன் அடிக்குது பாருங்க.

– தினேஸ்வரிதான். ஹலோ, சொல்லும்மா... எப்ப? காலையிலயா?... தானா வந்துச்சா?... சரி, சரி. அப்பறம் கூப்புடுறேன்.

– என்னவாம்?

– கே.எல். கம்பெனிக்காரன் புதுசு விட்டிருக்கானாம். இடது பக்கம் மலாய், வலது பக்கம் தமிழ். இங்க மாத்துனா அங்க வரி செவக்குதாம். ரொம்ப வசதியா இருக்குங்குது.

– அண்ணே! அது நம்மளது! சாப்ட்வேர் கண்காட்சியில அந்தக் கம்பெனிக்காரனுங்க நம்ம மேசை முன்னாடி நின்னு போட்டோ எடுத்தானுங்களே!

– யாருகிட்ட போயி சொல்றது? யாரு நம்புவா? அழுவாத எல்ஸி, கேளு. அந்தப் பாதிய எடுக்க வேணாம்.

– நெசமாவா?

– ஆமாம்மா. இப்பதான் அவங்க மாதிரியே இருக்கு.