துப்பாக்கிக்குப் பயந்து வாங்கிய மோட்டார்

மூணாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு மூன்று மளிகைக்கடை போட்டவன் நான். பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் இல்லை. கார் பட்டறையில் கிடந்ததால் அன்று காலை படகுத்துறை பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டியதாகிவிட்டது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னது காதில் விழுந்தது. இந்த வயதிலும் என் காது பழுதில்லை.

"துப்பாக்கிக்குப் பயந்துதான் மகளுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் குடுத்தேன்."

"என்னக்கா சொல்றீங்க?"

"அவ பேக்டரி பஸ்ஸுக்கு நிக்கிற எடத்துக்கிட்ட எவனையோ சுட்டுட்டானுங்க லா. இனிமே அங்க நிக்க விடுவேனா?"

"அதுக்கு மோட்டாரா? மழையில, பாலத்துல, லாரிக்கு நடுவுல! எங்க கொழுந்தனார் செத்தது குண்டு பட்டா? மோட்டார்ல போயித்தானே!"

"அது அவரு நேரம் மா. சுடுறவன் நேரம் பாப்பானா?"

"மோட்டார்ல போனா மட்டும் சுட மாட்டானா?"

"ஓடிக்கிட்டிருக்கிற ஆளை எப்படிச் சுடுவான்?"

இளையவள் தலையில் அடித்துக்கொண்டாள். மூத்தவர் அதைக் கவனிக்கவில்லை. மகளுக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தார். காற்று இரைந்தது. எங்கோ மிக அருகில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

"எங்கம்மா இருக்க?"

"பாலத்துலமா! போனை ஹெல்மெட்டுக்குள்ள சொருகியிருக்கேன், சரியா கேக்கல. அப்புறம் பேசுறேன்."

"ஐயோ, வச்சிடாத. பேக்டரி போய்ச் சேர்ற வரைக்கும் பேசிக்கிட்டே போ. அப்பதான் அம்மாவுக்குப் பயமில்ல."