கட்டில் இருந்த இடத்தில் மெஷின்

அந்தக் கிழமை எனக்கு வேலை இல்லை. குளிருக்கு ஒதுங்கி, மிச்சம் என்ற ஊர்ப் பக்கம் போகும் ட்ராமில் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள், ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறவர்கள்.

“உங்கட அண்ணையின்ர கட்டிலைக் கழட்டிப்போட்டன் மச்சாள். அந்த இடத்தில தையல் மெஷினை வைச்சாச்சு,” என்றார் மூத்தவர்.

இளையவர் திரும்பிப் பார்த்தார். “அண்ணை வந்தா எங்கை படுக்கிறது?”

“வரமாட்டார். டொக்டர் சொன்னதை நீங்களும் கேட்டனீங்கள்தானே.”

“அதுக்காக, ஆள் உயிரோட இருக்கேக்கையோ?”

“அந்த அறையிலதான் வெளிச்சம். சமைக்கிற குசினி மேசையில பள்ளிக்கூடப் பாவாடையள், திரைச்சீலை, எல்லாம் கலந்து கிடந்தது. அதுகள் பிந்தலாம். கலியாணச் சட்டை அஞ்சும் பிந்த ஏலாது. சனிக்கிழமை குடுக்கவேணும்.”

“கலியாண வீட்டுக்காரரிட்டைச் சொல்லுங்கோவன். விளங்கிக்கொள்ளுவினம்.”

“இப்ப விளங்கிக்கொள்ளுவினம். அவர் போயிட்டாரெண்டா, செத்தவீட்டுத் துடக்கோட, தீட்டோட தைச்ச சட்டையை ஆர் கலியாணப் பொம்பிளைக்குப் போடுவினம்? அவை தந்த பட்டுத்துணியைத் திருப்பிக் குடுத்தாலும் தொடமாட்டினம். பிறகு ஒருத்தரும் என்னட்டைத் தையல் தராயினம். நான் எதில சீவிக்கிறது?”

இளையவர் மெதுவாகக் கேட்டார்.

“அண்ணைக்கு இது தெரியுமோ?”

“ஓம். நேற்றுக் காதுக்குள்ள சொன்னனான், சனிக்கிழமை வரைக்கும் பொறுங்கோ எண்டு.”

“என்ன சொன்னவர்?”

“எத்தினை சட்டை முடிஞ்சுது எண்டு கேட்டவர்.”