கீழிருந்து வந்த பதில்

மதியம் மூன்றரை மணி. பேய்க்கு இது ஒரு நேரமா என்று கேட்காதீர்கள். அக்டோபர் மாதம், அந்த நேரத்தில், வால்தெசெர்கா ஊரே சாப்பிட்டுவிட்டுச் சன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும். ஊருக்குப் பின்னால் ஒயின் நிலவறைகள் குடைந்த குன்று. அதற்கு ஏறும் செம்மண் பாதையில் ஒரு நாய்கூட இருக்காது.

அந்தப் பாதையில் இரண்டு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நம் பக்கத்து வீட்டு ரெமெதியோஸின் சித்தி எடெல்மிரா. அவள் கணவன் ஃபெர்மின். அந்தச் சித்திக்கு நடந்ததுதான் இது. கிட்ட வந்து உட்காருங்கள்... கதவு சாத்தித்தான் இருக்கிறது, பார்த்தாயிற்று.

எடெல்மிரா பில்பாவோ நகரத்துக்காரி. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, கணவனின் ஊருக்கு அவள் வருவது அன்றுதான் முதல் தடவை. இத்தனை நாள் அவன் ஊருக்கே போகாத காரணம் அவளுக்குத் தெரியும். அரைகுறைத் தூக்கத்தில், துண்டு துண்டாக, ஃபெர்மினே சொல்லியிருந்தான்.

அறுவடை முடிந்து தொட்டியில் திராட்சைச் சாறு பொங்கும் நாட்களில் நிலவறைக்குள் விஷக்காற்று இறங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தண்ணீர் போலத் தரையோடு தேங்கும். அதனால் அந்த ஊரில் யாரும் தனியாக இறங்குவதில்லை. இறங்குகிறவன் மெழுகுவர்த்தியை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு போவான்; சுடர் அணைந்தால் உடனே திரும்பி ஏறிவிடுவான். வாசலில் ஒருவர் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீழிருப்பவன் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் நின்றால் பின்னாலேயே இறங்கக் கூடாது. கத்தி ஊரைக் கூட்ட வேண்டும்.

ஃபெர்மினின் அண்ணன் எவாரிஸ்தோ இறங்கிய அன்று வாசலில் நின்றவன் ஃபெர்மின். அறுவடைத் திருவிழா. தெருமுனையில் ஊர்வலத்தின் மேளம் கேட்டது. எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனான்... திரும்பி வந்து கூப்பிட்டபோது பதில் இல்லை.

ஊர் அவனை அடிக்கவில்லை. அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். அந்தக் குளிர்காலத்திலேயே அவன் ஊரை விட்டான்.

இப்போது அண்ணி காசில்தாவிடமிருந்து திடீரென்று ஒரு தொலைபேசி அழைப்பு. "தொட்டியில திராட்சைத் தோலெல்லாம் பொங்கி மேல வந்து நிக்குது. கழியால அமுக்கிவிட ஆளில்ல. உங்கப்பா வெட்டின அறைதானே, வந்து செய்."

போனை வைத்துவிட்டு ஃபெர்மின் அழுதான். அண்ணி மன்னித்துவிட்டாள் என்றான். எடெல்மிராவுக்கு அந்தக் குரலில் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் முகத்தில் அப்படியொரு தெளிவை அவள் அதுவரை பார்த்ததில்லை. அதைத் தன் வாயால் அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தவிர, அவளுக்குள் ஒரு சுயநலமும் இருந்தது. இது ஒன்று தீர்ந்துவிட்டால் இவன் முழுசாக எனக்குக் கிடைப்பான் என்று.

ஊருக்குள் நுழைந்ததும் மதுக்கடையில் காபி கேட்டார்கள். கடைக்காரன் ஒனேசிமோ கோப்பைகளைத் தட்டென்று வைத்தான்.

"என்ன ஃபெர்மின், ஊர்வலம் முடிஞ்சுதா?"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஃபெர்மினும் சிரிக்கப் பார்த்தான்.

"கொஞ்சம் சர்க்கரை..." என்றாள் எடெல்மிரா.

"இல்ல." சர்க்கரைக் கிண்ணம் அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"ஒனேசிமோ, சாயங்காலம் நிலவறை வாசல்ல நிக்க யாராவது..." என்று இழுத்தான் ஃபெர்மின்.

"உனக்கா?" என்றான் ஒனேசிமோ. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காசில்தா வீட்டுக்குள் கூப்பிடவில்லை. சன்னல் கம்பி வழியாக நிலவறைச் சாவியை நீட்டினாள். ஒல்லியான உடம்பு, இன்னும் துக்கத்தின் கறுப்புத் துணி.

"நல்லா இருக்கீங்களா அக்கா?" என்றாள் எடெல்மிரா.

"நான் உனக்கு அக்கா இல்ல."

சாயங்காலம்வரை அந்த ஊரில் காத்திருக்க இருவராலும் முடியவில்லை. அதனால்தான் அந்த நேரத்தில் ஏறினார்கள். "நானே நிக்கறேன். கூப்பிடத்தானே வேணும்? எனக்கு வாயில்லையா?" என்றாள் எடெல்மிரா.

கதவைத் திறந்ததும் உள்ளிருந்து ஒரு மூச்சு வந்து முகத்தில் பட்டது. புளிப்பு. அழுகிய ஆப்பிள். ஈரக் களிமண். கீழே எங்கோ ஒரு பெரிய உலை கொதிப்பது போல... கொப்... கொப்...

ஃபெர்மின் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தான். சுடர் அணையாமலிருக்க அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். தேவாலயத்தில் பிடிப்பது போல. அந்த ஊர்க் குழந்தைகூட அப்படிப் பிடிக்காது. நகரத்துக்காரி எடெல்மிராவுக்கு அது தெரியவில்லை.

இறங்கினான். படிகள் திரும்பும் இடத்தில் வெளிச்சம் சுவரில் ஒரு தடவை ஆடியது. பிறகு இருட்டு.

"ஃபெர்மின்!"

"இங்கேதான்!"

"ஃபெர்மின்!"

...

"ஃபெர்மின்!"

"இங்கேதான்."

பதில் சற்றுத் தாமதமாக வந்தது. குரலும் கொஞ்சம் கனத்திருந்தது. ஆழத்திலிருந்து வருகிறதல்லவா, குரல் அப்படித்தான் மாறும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கூப்பிட்டாள். அது பதில் சொன்னது. வெயில் முதுகில் சுட்டது. உள்ளிருந்து வந்த காற்று முகத்தில் சில்லிட்டது. நேரம் போகப் போக அந்தக் கூப்பிடுதலே அவளுக்கு இதமாகிவிட்டது. வீட்டில் ஒரு கேள்விக்குப் பாதிப் பதில் சொல்கிறவன், இங்கே ஒவ்வொரு தடவையும் பதில் சொல்கிறான்.

"குளிருதா ஃபெர்மின்?"

"இங்கேதான்."

"ஆச்சா, இன்னும் இருக்கா?"

"இங்கேதான்."

கழி தொட்டிக்குள் போய்வரும் சத்தம் கேட்கவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தை அவள் வளரவிடவில்லை.

பின்னால் மண் நெரிபடும் ஓசை. திரும்பினாள். காசில்தா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள், வீட்டுச் செருப்போடு, தூக்கத்தில் கலைந்த தலையோடு. காசில்தாவின் கண்கள் மூடியிருந்தன. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

கடைசியில் மனம் இளகிவிட்டது இவர்களுக்கு என்று எடெல்மிரா நினைத்தாள். "வேலை நடந்துக்கிட்டிருக்கு," என்றாள், கிட்டத்தட்டச் சிரித்தபடி.

"கூப்பிடு," என்றாள் காசில்தா.

"ஃபெர்மின்!"

"இங்கேதான்."

கூட்டத்தில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நிறுத்தாத. கூப்பிடு."

அவள் கூப்பிட்டாள். சத்தம் கேட்டு ஒனேசிமோ பாதையில் ஏறி வந்தான். திட்டத்தான் வந்தான். மூன்றாவது பதிலில் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு அது, பேசறது?"

"என் வீட்டுக்காரர்."

"அது ஃபெர்மின் இல்ல," என்றான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒனேசிமோவின் இடுப்பில் கயிறு, வாயில் ஈரத்துணி, முழங்கால் உயரத்தில் மெழுகுவர்த்தி. கயிற்றைப் பிடிக்க அவன் பெண்களைத்தான் அதட்ட வேண்டியிருந்தது. அவன் ஆழத்துக்குப் போகவே தேவையிருக்கவில்லை. படிகள் திரும்பும் இடத்துக்கு அப்பால், இரண்டு எட்டில் கிடந்தான் ஃபெர்மின். உடம்புக்கு அடியில் மெழுகுவர்த்தி, பற்றவைத்த நீளம் குறையாமல்.

வெளியே இழுத்துப் போட்டார்கள். கை சில்லிட்டுப் போயிருந்தது.

"இப்பதானே பேசினாரு..." என்றாள் எடெல்மிரா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "இப்பதானே... பதில் வந்துதே... பதில் நின்னிருந்தா கத்தியிருப்பேனே..."

ஒனேசிமோ பெண்களைப் பார்த்தான். "அந்தக் குரல் உங்களுக்குத் தெரியல?"

யாரும் நிமிரவில்லை. காசில்தா மட்டும் பேசினாள்.

"எனக்குத் தெரியாதா? பாதையில ஏறும்போதே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா நின்னுக்கிட்டிருந்த?"

"தினமும் நான் இந்த வாசல்ல வந்து எவாரிஸ்தோ, எவாரிஸ்தோன்னு கத்தறேன். ஒரு நாளாவது வாயத் திறந்திருப்பாரா? இன்னிக்குத்தான் பேசினாரு. நான் எப்படி நிறுத்தச் சொல்லுவேன்?"

எடெல்மிராவின் மடியில் கணவனின் தலை. அந்தப் பெண்ணைப் பார்த்து அவள் கத்த நினைத்தாள், வசை ஒன்றும் வரவில்லை. வந்தது ஒரு நினைப்புதான். இவளிடத்தில் நான் இருந்திருந்தால்...

காசில்தா அவள் பக்கத்தில் குந்தினாள். முதல் தடவையாகக் குரலில் கெஞ்சல்.

"இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடும்மா."

எடெல்மிரா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

காசில்தா எழுந்தாள். வாசலுக்குப் போய், இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இருட்டுக்குள் குனிந்தாள். எந்தப் பெயருக்கு அங்கே பதில் கிடைக்கிறது என்று அவளுக்கு இப்போது தெரியும்.

"ஃபெர்மின்!"

கொப்... கொப்...

"இங்கேதான்."

காசில்தா அப்படியே நின்றாள். பிறகு நிமிர்ந்து, கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். முகத்தில் ஏமாற்றம் தவிர வேறொன்றும் இல்லை.

"இது அவரு இல்ல," என்றாள் எடெல்மிராவிடம். "இது உன் ஆளு."