சரக்கில்லாத தாளுக்குத் தலைப்பு

மட்டாஞ்சேரி படகுத்துறை வரிசையில் எனக்கு முன்னால் ஒரே மிளகுக் கம்பெனிக்காரர்கள் இருவர் நின்றார்கள். ஒருவர் விற்பனையைப் பார்ப்பவர். மற்றவர் அங்கே புதிதாக வந்த கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுபவர்.

"ஓய், சரக்கே இல்லேன்னாலும் உம்ம கம்ப்யூட்டர் இருப்புப் பட்டியல்ல மிளகு, சாக்கு, எடைன்னு தலைப்பையாவது அடிச்சுத் தரணும்" என்றார் விற்பனைக்காரர்.

"ஒண்ணும் இல்லாததுக்குத் தலைப்பு எதுக்கு? வெறும் தாள் வந்தா சரக்கு இல்லேன்னு அர்த்தமாக்கும்."

"நான் அச்சடிக்கற மிஷின்ல மை ரிப்பன் காஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். சரக்கு இருக்குன்னு பார்ட்டிக்கு வாக்கும் குடுத்துட்டேன். காலம்பறலேந்து கொச்சங்காடி கோடவுன் வாசல்ல அவா லாரி நிக்கறது."

"தலைப்பு இருந்தா மட்டும் புரிஞ்சிருக்குமோ?"

"பின்னே? அதோ பாரும்."

அவர் காட்டிய பலகையில் 'எர்ணாகுளம், அடுத்த படகு' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. அதன் கீழே, சாக்பீஸால் நேரம் எழுதுகிற இடம் காலியாக இருந்தது.

"தலைப்பு இருக்கு, கீழே ஒண்ணுமில்லை. படகு இல்லேன்னு தெரியறதோல்லியோ?"

புரோகிராம்காரர் நிதானமாகக் கொட்டாவி விட்டு முடித்தார்.

"அப்போ நீர் ஏன் இன்னும் வரிசைல நிக்கறீர்?"

"ஒருவேளை சாக்பீஸ் தீர்ந்துபோயிருக்குமோன்னுதான்."