அந்த வரியை எழுதியவர்

எங்கேயாவது எழுத்துப்பிழையைப் பார்த்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, சார். அதனால்தான் அந்த யோசனையே வந்தது. எங்கள் இணையதளத்தில் ஊர்ப்பட்ட கம்பெனிகள் தங்கள் புரோகிராம்களைப் போட்டுவைத்துச் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு விக்கி வைப்போம், செய்முறைக் குறிப்புகளை அவர்களே திருத்திக்கொள்ளட்டும், யார் எந்த வரியை மாற்றினார் என்ற வரலாறு அழியாமல் இருக்கட்டும் என்றேன். உட்கார்ந்து கட்டியதும் நான்தான்.

அறிமுக விழாவில் மேடையேறியவர் அத்தான். அக்காவின் கணவர், எனக்கு மேலதிகாரியும்கூட. "குளிச்சிட்டு இருக்கும்போது தோணின யோசனை இது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டில் கேட்டதற்கு, "விடு மாப்ள, யார் பேரைப் போட்டா என்ன, வேலை நடந்தா சரி" என்று தோளில் தட்டினார். அக்காவும் சிரித்தாள்.

அந்த விக்கியில் ஓர் ஓட்டை இருந்தது. நம் கணினியிலிருந்து திருத்தி அனுப்பும்போது எந்தப் பெயரைக் கொடுக்கிறோமோ, அதையே வரலாறு நம்பிவிடும். அதையும் சொன்னேன். "எவன்டா அவ்வளவு மெனக்கெடப் போறான்?" என்றார்.

நான் மெனக்கெட்டேன். ஒரு லிஃப்ட் கம்பெனியின் பழுதுபார்ப்புப் பக்கத்தைத் திருத்தும் உரிமை எங்கள் இருவருக்கும் இருந்தது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகே குழிக்குள் இறங்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. இந்த மாடலுக்கு அணைக்கத் தேவையில்லை என்று மாற்றினேன், அத்தான் பெயரில். அதை நம்பிப் போன கம்பெனி மெக்கானிக் நிதானமான ஆள். போனில் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. லிஃப்ட் கீழே வந்தது.

அத்தானைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். அக்கா என் மடியில் விழுந்து அழுதாள். "அவர் அப்படிப்பட்ட மனுஷன் இல்லடா" என்றாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

நேற்று கோர்ட்டில் உங்கள் நிபுணர் அந்த வரியை வாசித்தார். "எவ்வளவு தெளிவா, யாரும் நம்புற மாதிரி எழுதியிருக்கார் பாருங்க" என்று அத்தானைக் கைகாட்டினார். நீதிபதிகூட நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆளுக்கு ஒரு வரி உருப்படியாக எழுத வராது, சார். இதற்கும் அவர் பெயரா? எவ்வளவுதான் பொறுப்பது?

எழுதியது நான். கொன்றது நான். பதிவு செய்துகொள்ளுங்கள். என் பெயரைப் போடும்போது மட்டும் இனிஷியலை விட்டுவிடாதீர்கள்.