ரங்கூன் ஊசி

— ஏட்டி நூரு, இது ஊசியா, சாக்கு தைக்குத கோணூசியா? இவ்வளவு நீளத்தையுமா என் இடுப்புக்குள்ள எறக்கப் போற?

— முழுசும் எறங்காதுக்கா. நீங்க குப்புறப் படுங்க. சேலையக் கொஞ்சம் தளத்திக்கிடுங்க. கதவத் தாப்பா போட்டுட்டேன், யாரும் வரமாட்டாவ.

— வந்தா மட்டும் என்ன? தென்காசில பாதிப் பேரு என் கையில அம்மணமா வந்து விழுந்தவந்தான. எனக்குப் பயம் ஊசிக்குத்தான்.

— மருத்துவச்சி ஞானபாக்கியம் ஊசிக்குப் பயந்தான்னா ஊரு சிரிக்கும், பாத்துக்கிடுங்க. வலி எங்கன ஆரம்பிக்குது? விரல் வச்சுக் காட்டுங்க.

— இங்கன, குண்டி நடுவுல. அங்கன இருந்து தொடைக்குப் பின்னால எறங்கி, கெண்டைக்கால் வழியா சுண்டுவிரல் வரைக்கும் கரண்டு அடிச்ச மாதிரி ஒரு இழு. ஒக்காந்தா எந்திரிக்க முடியல. எந்திரிச்சா நிக்க முடியல. நாலு மாசமாச்சு. டாக்டரு இதுக்கு சயாட்டிகான்னு பேரு சொன்னாரு. பேரு நல்லாத்தான் இருக்கு, பிள்ளைக்கு வைக்கலாம்.

— மாத்திர குடுத்தாரா?

— குடுத்தாரு. அறுபத்தோரு வயசுல இனி இப்படித்தான், கட்டில்ல கெடங்கன்னும் சொன்னாரு. நான் கேக்கல. குத்தாலத்துல எண்ணெ தேச்சு ஐந்தருவில போய் நின்னேன். தண்ணி இடுப்புல விழுந்ததும் அய்யோன்னு ஒக்காந்தவள நாலு பொம்பளையளு சேந்து தூக்கிட்டு வந்தாவ. அந்த வெக்கத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம கோயிலுக்கே போவல. சரி, எப்பட்டி குத்துவ? சொல்லிட்டுக் குத்து.

— ரெண்டு குத்தியாச்சுக்கா.

— கர்த்தாவே! எப்ப?

— நீங்க அருவில நிக்கும்போது. இப்ப கனமா இருக்கா? எறும்பு ஊருதாப்ல கீழ எறங்குதா?

— ஆமா. கெண்டைக்கால் வரைக்கும் என்னமோ ஊருது.

— அதுதான் வேணும். அது வந்தாத்தான் ஊசி எடம் சேந்துருக்குன்னு எங்க சீன டாக்டரு சொல்லுவாரு. சுருக்குன்னு இருந்தா மட்டும் ஒடனே சொல்லுங்க, எடுத்துருவேன்.

— ரங்கூன்லயா அவரு?

— ஆமாக்கா. எங்க வீட்டுக்காரரு மவுத்தான பெறவு அவரு வைத்தியசாலைதான் எனக்குக் கதி. பர்மா சர்க்காரு கடையெல்லாம் எடுத்துக்கிட்டதும் நம்ம ஆளுவள கப்பல்ல ஏத்திட்டாவ. என் கம்மலக்கூட கழத்தி வாங்கிட்டாவ. இந்த ஊசியள மட்டும், தையக்காரி ஊசின்னு நெனச்சு விட்டுட்டாவ.

— நான் ஆடி பத்துக்குள்ள நடக்கணும் நூரு. வடகரை பேச்சித்தாய்க்கு அப்பந்தான் பேறுகால நாளு. ரெண்டு பிள்ள காலு முந்தி வந்து செத்துப் போச்சு. ரெண்டு தடவையும் நான் ஊர்ல இல்ல. இந்தத் தடவ வருவேன்னு அவ தலையில கை வச்சுச் சொல்லிருக்கேன். நேத்து அவ மாமியாக்காரி ஆள் அனுப்புதா, காலு இழுக்குத கெழவி எதுக்கு, வேற ஆளு பாக்கோம்னு.

— இன்னும் எத்தன நாளு இருக்கு?

— இருவத்தஞ்சு.

— தெனம் வாங்க. ஒரேயடியா போவாது, கொஞ்சங் கொஞ்சமாத்தான் விடும்.

*

— இன்னைக்கு வண்டிச் சத்தமே கேக்கலியே. எதுல வந்திய?

— கால்ல.

— அம்புட்டு தூரமுமா?

— கோயில் வாசலத் தாண்டி, மார்க்கெட்டு வழியா. ஒரு தடவதான் நின்னேன். அதுவும் வலிக்கில்ல, மீன்காரிகூட சண்ட போட.

— அல்லாவே! பன்னெண்டு நாளுலயா!

— நாலாம் நாளு பொரண்டு படுத்தேன். ஒம்பதாம் நாளு வலி முட்டியோட நின்னுக்கிட்டு. நேத்து கீழ ஒக்காந்து, சொவத்தப் புடிச்சு எந்திரிச்சேன். ஏட்டி, ஏன் அழுத?

— அழல. ஊசி அவிக்கேம்லா, வெந்நி ஆவி.

— வெந்நி அங்கன இருக்கு. நீ இங்கன நிக்க.

— படுங்கக்கா. ஒங்களுக்குக் குத்துக்கால் வச்சு ஒக்கார இன்னும் வரல. அது வராம எப்படிப் பிரசவம் பாப்பிய?

*

— நூரு! கதவத் தொறட்டி!

— வாரேன், வாரேன். என்னக்கா, சேலையெல்லாம் சேறு! விழுந்துட்டியளா?

— நடந்தேன்! காலையில வடகரையில இருந்து ஆளு வந்துட்டு, நோவு எடுத்தாச்சுன்னு. வழியில ஆத்துல தண்ணி. வண்டி மாடு எறங்க மாட்டேன்னுட்டு. நான் எறங்கிட்டேன். முட்டளவு தண்ணி. அந்தக் கரையில இருந்து வரப்பு மேலயே ஒரு மைலு.

— அந்தக் காலோடயா?

— இந்தக் காலோடதான். மாமியாக்காரி வாசல்ல நின்னு நான் வாரதப் பாத்துக்கிட்டே இருந்தா.

— பேச்சித்தாய்?

— இந்தத் தடவையும் காலு முந்தி. மூணு மணி நேரம் குத்துக்கால் வச்சு ஒக்காந்திருந்தேன். பிள்ள இடுப்பு வரைக்கும் வந்துட்டு, கையி மேல மாட்டிக்கிட்டு. அவசரப்படாம, மெதுவாத் திருப்பி, ஒண்ணொண்ணா எடுத்துவிட்டேன். பெறவு தல. அந்நேரம் என் காலு ஒரு இழு இழுத்திருந்தா எல்லாம் போச்சு.

— இழுக்கலியே?

— இழுக்கல நூரு! பிள்ள நீலமா வந்து விழுந்தா. வாயத் தொடச்சு, ஊதி, முதுகத் தேச்சேன். கத்துனா பாரு ஒரு கத்து! தோப்புல தேங்கா பறிக்கவன் மரத்து மேல இருந்து கேக்கான், என்ன பிள்ளன்னு. பொம்பளப் பிள்ளடா, எறங்கி வந்து பாருன்னேன்.

— அல்ஹம்துலில்லாஹ்!

— பேச்சித்தாய் நெஞ்சுல போட்டவ கீழ விடவே மாட்டேங்கா. மாமியாக்காரி என் காலப் புடிச்சா, வலிச்ச காலையே. யாரு சொகப்படுத்துனான்னு கேட்டா. சொல்லிட்டேன்.

— என்னன்னு?

— ரங்கூன்ல பேரு எடுத்த ஊசி வைத்தியக்காரி நூர்நிஷான்னு. மாமியாக்காரி தங்கச்சிக்கும் இதே கால் இழுப்பாம். பக்கத்து வீட்டுக்காரிக்கு இடுப்பு. ஆத்தக் கடந்து, இந்தக் கரையில நின்ன என் வண்டியிலயே ஏறிட்டாவ. ஆறு பேரு. தெருமுக்குல எறங்குதாவ.

— ஆறு பேரா? என்ன காரியம் செஞ்சிய அக்கா!

— ஏன், ஊசி பத்தாதா?

— ஒங்ககிட்ட ஒண்ண மறச்சுட்டேன். சீன டாக்டருகிட்ட நான் ஒரு ஆளுக்கும் குத்துனதில்ல. ஊசி அவிச்சுக் குடுக்கவதான் நான். பதினெட்டு வருசம் பக்கத்துல நின்னேன். எந்த எடம்னு என் விரலப் புடிச்சுத் தொட்டுக் காட்டுவாரு, அவ்வளவுதான். இங்கன வந்து என் கால்லயே குத்திப் பழகினேன். வேற ஒரு ஒடம்புல மொத மொதலா குத்துனது ஒங்களத்தான். என்னக்கா இப்படிப் பாக்கிய? ஏசணும்னா ஏசிருங்க.

— கதவ நல்லாத் தொறந்து வையி. ரெண்டாவது ஆளு வந்துட்டா.